எண்ணெய்க் குழாயும் ஆகாய விமானமும்

ஆகாய விமானத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் சிறகையும் எஞ்சினையுமே பேசுவர். சிறகு தாங்குகின்றது, எஞ்சின் செலுத்துகின்றது. ஆகவே இவ்விரண்டும் புகழ் பெற்றமை இயல்பே. ஆயினும், விமானத்தின் உடலினுள்ளே, பிரயாணிகளின் கண்ணுக்குப் புலப்படாமல், விரற்பருமனுள்ள சில குழாய்கள் ஓடுகின்றன. அவற்றினுள் நிறைந்திருப்பது ஒருவகை எண்ணெய். விமானி காலால் அழுத்தும் மிதியின் விசையைச் சில்லுகளிலுள்ள பிறேக்குக்குக் கொண்டு செல்வது அவ்வெண்ணெய். விமானம் மேலெழுந்ததும் சில்லுகளை உள்ளே மடக்குவதும், இறங்கும் வேளையில் அவற்றை மீண்டும் வெளியே நீட்டுவதும் அவ்வெண்ணெயே.

பெரிய விமான நிலையங்களிலே இக்குழாய்களைக் கவனிப்பதற்கெனப் பயின்ற தொழில்வல்லார் பலர் உளர். ஆனால், தம் வீட்டுக் கொட்டகையிலே தம் கையாலேயே விமானம் கட்டிப் பறப்போர் உலகில் ஆயிரக்கணக்கானோர் இருக்கின்றனர். அவர்களுக்குத் தொழில்வல்லாரும் தாமே, விமானியும் தாமே, பிழை நேர்ந்தால் அதன் பயனை முதலில் நுகர்பவரும் தாமே. ஆதலின், குழாய்க்குள் அடைபட்ட எண்ணெய் எவ்வாறு வேலை செய்கின்றது, அது வேலை செய்ய மறுக்கும்போது காரணத்தை எவ்வாறு தேடுவது என்பன அவர்களுக்கு உயிர்நிலையான வினாக்களாகும். இவ்வினாக்களுக்கு விடை கண்ட வரலாறு மூன்று நூற்றாண்டுக்கு மேற்பட்டது.

அவ்வரலாற்றின் தொடக்கத்திலே நிற்பவர் பிரான்சு தேசத்து அறிஞரான பிளேஸ் பாஸ்கல். 1623ஆம் ஆண்டிற் பிறந்து 1662ஆம் ஆண்டில், முப்பத்தொன்பதாம் வயதிலேயே, மறைந்தவர் அவர். திரவங்களின் சமநிலையைப் பற்றி அவர் எழுதிய நூல் அவர் இறந்த மறு ஆண்டில், 1663இல், வெளிவந்தது. நீர் நிறைந்த மூடிய பாத்திரமொன்றுக்கு இரண்டு வாய்கள் உள்ளன என்றும், ஒன்று மற்றதிலும் நூறு மடங்கு பெரியது என்றும் வைத்துக்கொள்வோம். சிறிய வாயிலுள்ள ஆடுதண்டை ஒரு மனிதன் தள்ளினால், பெரிய வாயிலுள்ள ஆடுதண்டை நூறு மனிதர் தள்ளும் விசையை அவன் ஒருவனே எதிர்த்து நிற்பான் என்று பாஸ்கல் காட்டினார். திரவத்தின் ஓரிடத்திற் செலுத்திய அமுக்கம் குறைவின்றி எல்லாப் பக்கமும் பரவும் என்பதே இதன் தத்துவம். ஆனால், இலாபம் இலவசமாகக் கிடைப்பதில்லை. சிறிய தண்டு நூறு அங்குலம் நகர்ந்தாலன்றிப் பெரிய தண்டு ஓர் அங்குலம் நகராது.

பாஸ்கல் கூறிய தத்துவத்தைத் தொழிலுக்குக் கொண்டுவர நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேல் கழியவேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் யோசப் பிராமா என்னும் பொறிவல்லார் 1795ஆம் ஆண்டில் நீரியலமுக்கிக்குக் காப்புரிமை பெற்றார். உறுதியான பூட்டுகளைச் செய்து பெயர் பெற்றிருந்த அவர், அமுக்கியைச் செய்தபோது ஒரு பெரும் இடர்ப்பாட்டுக்கு உள்ளானார். உருளைக்கும் ஆடுதண்டுக்கும் இடையிலுள்ள வெளியினூடாக நீர் பீறிட்டு வெளியேறியது. இறுக்கமாக அடைத்தால் தண்டு நகரவில்லை. தளர்த்தினால் நீர் நிற்கவில்லை. அவரது பட்டறையில் வேலை செய்த என்றி மோட்ஸ்லே என்னும் இளைஞரே இதற்கு வழி கண்டார் எனப் பொறியியல் வரலாறு எழுதியோர் கூறுவர். கிண்ணம் போல வளைந்த தோல் வளையம் ஒன்றை அவர் பொருத்தினார். அமுக்கம் ஏறும்போது நீரே அத்தோலின் விளிம்பை விரித்துத் தண்டோடு இறுக்கியது. அமுக்கம் தணிந்ததும் தோல் தளர்ந்து தண்டுக்கு வழிவிட்டது. கசியப் பார்க்கும் நீரையே காவலாளியாக்கிய இந்த உபாயம் இன்றைய விமானக் குழாய்த் தொகுதி வரையில் தொடர்ந்து வருகின்றது. நீரியற் பொறியின் முதற் சிக்கலும் கசிவே. அதன் முதல் வெற்றியும் கசிவை வென்றதே.

1903ஆம் ஆண்டில் ரைட் சகோதரர் பறந்த விமானத்தில் எண்ணெய் அமுக்கம் எதுவும் இருக்கவில்லை. கம்பியும் கப்பியுமே சிறகை அசைத்தன. சில்லுகளும் அதற்கு இல்லை. சறுக்குக் கட்டைகள் மீதே அது இறங்கியது. ஆனால், விமானத்துக்கும் எண்ணெய் அமுக்கத்துக்கும் உறவு ஏற்படுத்திய சகோதரர் வேறு இருவர் பின்னர் தோன்றினர். அலன் லொக்ஹீட், மல்கம் லொக்ஹீட் என்னும் அவ்விருவரும் சான் பிரான்சிஸ்கோ நகரிலே தாமே கட்டிய நீர்விமானம் ஒன்றை 1913ஆம் ஆண்டு யூன் மாதம் 15ஆம் தேதி பறக்கவிட்டனர். பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற விமானத் தொழிலுக்குப் பெயர் தந்த அக்குடும்பத்தின் முதல் விமானம் இவ்வாறு கைத்தொழிலாகவே தொடங்கியது. மல்கம் பின்னர் மோட்டார் வண்டிகளுக்கு எண்ணெய் அமுக்கத்தால் இயங்கும் பிறேக்கை அமைப்பதிலே ஈடுபட்டார். 1921ஆம் ஆண்டில் வெளிவந்த டியூசன்பேர்க் வண்டி நான்கு சில்லுகளிலும் அத்தகைய பிறேக்குகளைக் கொண்டிருந்தது. விமானம் கட்டியவர் மோட்டார் வண்டிக்கு அளித்த இக்கொடை, பின்னர் மோட்டார் வண்டியிலிருந்து விமானத்தின் சில்லுகளுக்கே திரும்பி வந்தது. இன்று ஒருவர் வீட்டிலே கட்டும் சிறு விமானத்தின் பிறேக்கும், தெருவில் ஓடும் காரின் பிறேக்கும் தத்துவத்தில் ஒன்றே.

விமானங்களின் வேகம் கூடக்கூட, வெளியே தொங்கும் சில்லுகள் காற்றைத் தடுக்கும் சுமையாயின. அவற்றை உள்ளே மடக்குவதற்கு எண்ணெய் அமுக்கம் உகந்ததெனக் கண்டனர். 1935ஆம் ஆண்டில் முதன்முதற் பறந்த டக்ளஸ் டி.சி. 3 விமானத்தில் சில்லுகள், சிறகின் மடிப்புத் தட்டுகள், பிறேக்குகள் ஆகியன எண்ணெய் அமுக்கத்தால் இயங்கின. எஞ்சினால் ஓடும் பம்பிகள் தவறினால் உதவுவதற்குக் கைப்பம்பி ஒன்றும் விமானிகளின் அருகே வைக்கப்பட்டிருந்தது. இவ்விமான வகை இலங்கையருக்குப் புதியதன்று. 1947ஆம் ஆண்டு டிசம்பரில் எயர் சிலோன் சேவை தொடங்கியபோது இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது இவ்வகை விமானமே.

இக்காலத்திலேயே கசிவை அடக்கும் கலையும் ஒரு படி முன்னேறியது. டென்மார்க்கிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்ரென்சன் என்பவர் வட்டமான றப்பர் வளையமொன்றை ஆடுதண்டின் தவாளிப்பிலே இட்டுப் பல சோதனைகள் செய்தார். தவாளிப்பு வளையத்தின் தடிப்பினும் சற்று நீளமாயிருத்தல் வேண்டும் என்பதே அவர் கண்ட இரகசியம். 1939ஆம் ஆண்டில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தபோது அவர் வயது எழுபதைக் கடந்திருந்தது. இரண்டாம் உலகப் போரிலே பறந்த அமெரிக்க விமானங்களின் குழாய்த் தொகுதிகளில் அவ்வளையம் இடம் பெற்றது. சில சதம் பெறுமதியுள்ள அவ்வளையமே இன்றும் சிறு விமானத்தின் பிறேக்கு உருளையில் எண்ணெயைக் காத்து நிற்கின்றது.

இனி, வீட்டிலே விமானம் கட்டுவோரின் கதைக்கு வருவோம். பிரேசில் நாட்டவரான சாந்தோஸ் துமோந் தமது ‘டெமொய்செல்’ என்னும் சிறு விமானத்தின் வரைபடங்களை யாவரும் பயன்படுத்துமாறு விட்டார். பிரான்சிலே என்றி மிஞே 1930களில் பறக்கவிட்ட ‘வானத்துத் தெள்ளுப்பூச்சி’ என்னும் விமானத்தைப் பல தேசத்தாரும் தம் வீடுகளிலே கட்டினர். அதிற் பலர் மாண்டபின், 1936ஆம் ஆண்டளவிற் காற்றுச் சுரங்கங்களிலே சோதித்துப் பார்த்து, முன்சிறகும் பின்சிறகும் ஒன்றையொன்று பாதித்ததால் தலைகீழ்ப் பாய்ச்சலிலிருந்து அது மீளமுடியாமற் போயிற்று என்று கண்டனர். கைத்திறன் குறைந்தமையால் மாத்திரமன்று, காரணம் அறியாமையாலும் மனிதர் இறப்பர் என்பதை அவ்வனுபவம் உணர்த்தியது.

அமெரிக்காவில் 1953ஆம் ஆண்டு சனவரியில் மில்வாக்கி நகரிலே போல் பொபெரெஸ்னி என்பவர் பரிசோதனை விமானக் கழகத்தை நிறுவினார். 1970ஆம் ஆண்டு முதல் ஒஷ்கொஷ் நகரிலே அது நடத்திவரும் ஆண்டு விழாவுக்குத் தாமே கட்டிய விமானத்தில் தாமே பறந்து வருவோர் பலர். விமானத்தின் பெரும்பகுதியைத் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டியவர், ஆண்டுதோறும் அதனைப் பரிசோதித்துச் சான்றிடும் உரிமையையும் பெறலாம் என்பது அந்நாட்டு விதி. 1980களில் கண்ணாடி நாரினாற் செய்த உறுப்புகளைப் பெட்டியிலிட்டு விற்கும் முறை பரவியது. மடங்கும் சில்லுகளும், மின்மோட்டாரால் ஓடும் எண்ணெய்ப் பம்பியும் கொண்ட வேகமான சிறு விமானங்கள் வீட்டுக் கொட்டகைகளிலே உருவாயின. பெரிய விமானத்துக்குரிய சிக்கலும் அவற்றோடு கூடவே கொட்டகைக்குள் நுழைந்தது.

அச்சிக்கலை அவிழ்க்கும் முறை வைத்தியர் நோய் காணும் முறையை ஒத்தது. அனுபவம் வாய்ந்தோர் முதலிலே கருவியை எடுப்பதில்லை, வினாவை எடுப்பர். எல்லா உறுப்புகளும் வேலை செய்யவில்லையா, ஒன்று மாத்திரமா? எல்லாம் தவறினால் காரணம் பொதுவான இடத்தில் இருத்தல் வேண்டும். அஃதாவது எண்ணெய்த் தாங்கி, பம்பி, மின்சாரம், அமுக்கத்தைத் தணிக்கும் வாயில் என்பனவற்றுள் ஒன்றில். ஒன்று மாத்திரம் தவறினால் காரணம் அக்கிளையிலேயே இருக்கும். அடுத்து, பம்பியின் மோட்டார் ஓடும் ஓசை கேட்கின்றதா என்று பார்ப்பர். ஓடவில்லையெனில் குற்றம் எண்ணெயில் அன்று, ஆளியிலோ கம்பியிலோ அமுக்க ஆளியிலோ உள்ளது. மோட்டார் ஓடியும் அமுக்கம் எழாவிடின், எண்ணெய் குறைந்திருக்கலாம், காற்றை உறிஞ்சியிருக்கலாம், பம்பி தேய்ந்திருக்கலாம், அல்லது தணிப்பு வாயில் தூசியால் திறந்தபடி நின்றிருக்கலாம்.

எரிபொருள் செலவாவதுபோல் இவ்வெண்ணெய் செலவாவதில்லை. ஆகவே தாங்கியில் மட்டம் தாழ்ந்தால் அது எங்கோ சென்றிருக்கின்றது என்பது உறுதி. சிறு விமானங்களில் வழங்கும் கனிய எண்ணெய்க்குச் சிவப்புச் சாயம் ஊட்டியிருப்பதால் கசிந்த இடத்தில் கறை தெரியும். பொருத்துகளையெல்லாம் துடைத்து உலர்த்தி, அமுக்கத்தை ஏற்றி, எந்த இடம் முதலில் ஈரமாகின்றது என்று பார்ப்பதே முறை. ஆனால், அமுக்கம் நிறைந்த குழாயைக் கையாற் தடவிக் கசிவு தேடுதல் ஆகாது. ஊசித் துவாரத்தினூடாகப் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துத் தசைக்குள் புகும். வெளிக்காயம் சிறிதாகத் தோன்றினும் உடனே சத்திரசிகிச்சை செய்யாவிடின் விரலையோ கையையோ இழக்க நேரும். ஆகவே கையை விலக்கி வைத்துக் கடதாசி மட்டையைக் குழாயருகே பிடித்தே அதனைத் தேடுவர்.

ஒரு துளியேனும் வெளியே சிந்தாமல் அமுக்கம் மாத்திரம் தாழ்வதும் உண்டு. பம்பி அடிக்கடி தானாக ஓடி நிற்குமாயின் அதுவே இதன் அறிகுறி. உருளையினுள் இருக்கும் வளையம் தேய்ந்து, எண்ணெய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு உள்ளேயே நழுவுகின்றது. அன்றேல் வாயிலொன்றில் சிறு தூசு அகப்பட்டுள்ளது. அமுக்கத்தைச் சேமித்து வைக்கும் கலம் உள்ள தொகுதியாயின், அதனுள் அடைத்த நைதரசன் வாயு வெளியேறியிருக்கவும் கூடும். கிளைகளை ஒவ்வொன்றாக அடைத்து, எதனை அடைக்கும்போது அமுக்கம் நிலைக்கின்றது என்று காண்பதே இங்கு வழி. பிறேக்கு மிதி பஞ்சு போல அமிழுமாயின் குழாயிற் காற்று புகுந்துள்ளது. எண்ணெய் அமுங்காது; காற்று அமுங்கும். விமானி காலால் அழுத்தும் நகர்வெல்லாம் காற்றைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். காற்றுக் குமிழ் மேல்நோக்கியே செல்ல விரும்புமாதலின், சில்லின் பக்கத்திலிருந்து எண்ணெயை ஏற்றி மேலேயுள்ள தாங்கி வழியாகக் காற்றை வெளியேற்றினால் வேலை எளிதாகும்.

மறைந்திருந்து கொல்லும் பிழையொன்றும் உண்டு. மோட்டார் வண்டிக் கடையில் வாங்கும் பிறேக்கு எண்ணெய் பெரும்பாலும் கிளைக்கோல் இனத்தது. சிறு விமானத்தின் சிவப்பு எண்ணெய் கனிய இனத்தது. ஒன்றுக்குரிய றப்பர் மற்றதற்கு ஆகாது. மாற்றி ஊற்றினால் வளையங்கள் ஊதி இறுகும், அல்லது மெலிந்து உதிரும். ஊற்றிய அன்றே எதுவும் தெரியாது. நாட்கள் கழிந்தபின், இறங்கும் ஓடுபாதையிலே தெரியவரும். பல சிறு விமானங்களில் முன்சில்லு கட்டுப்பாடின்றிச் சுழல்வதாய், இடவலப் பிறேக்குகளைக் கொண்டே திசை திருப்பவேண்டியிருக்கின்றது. அங்கே ஒரு பிறேக்குத் தவறினால் நிறுத்தும் ஆற்றல் மாத்திரமன்றித் திருப்பும் ஆற்றலும் போய்விடும். கசிந்த கனிய எண்ணெய் சூடேறிய தட்டின் மீது விழுந்தால் தீப்பற்றவும் கூடும். இத்தீயபாயம் கருதியே பெரிய விமானங்களுக்கு எளிதில் எரியாத, ஊதா நிறமுள்ள பொசுபேற்று எண்ணெயை 1940களின் இறுதியில் உருவாக்கினர். அதுவும் தனக்கென வேறுவகை றப்பரையே வேண்டி நின்றது.

மடங்கும் சில்லுகளைச் சோதிக்குமுன் விமானத்தை உயர்த்தித் தாங்கிகளில் நிறுத்தல் வேண்டும். பன்முறை மடக்கி நீட்டியபின், பம்பியை நிறுத்தி, அவசர வாயிலைத் திறந்து, அமுக்கமின்றியே சில்லுகள் தம் பாரத்தாலும் வில்லாலும் விழுந்து பூட்டுகின்றனவா என்று பார்ப்பர். இதிலும் ஓர் ஏமாற்றம் உண்டு. தாங்கியின் மேலே பிழையின்றி நீளும் சில்லு, வானத்திலே நீள மறுக்கலாம். முன்னோக்கி நீளும் மூக்குச் சில்லு எதிர்க்காற்றைத் தள்ளிக்கொண்டு செல்லவேண்டியிருத்தலே காரணம். வேகத்தைக் குறைத்ததும் அது பூட்டுமாயின், குற்றம் வலுவிழந்த வில்லிலோ தேய்ந்த இணைப்பிலோ இருத்தல் கூடும்.

இவ்வளவும் சிறு விமானத்துக்குரிய நுணுக்கங்களே எனக் கருதுவோர்க்குப் பெரிய விமானங்களின் வரலாறு விடை கூறும். அவற்றிற் பலவற்றின் குழாய்களிலே அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 3000 றாத்தல். ஒன்று போனால் மற்றது உதவும் என்று மூன்று, நான்கு தொகுதிகளை அமைத்தனர். ஆயினும் 1985ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் தேதி ஜப்பானிலே போயிங் 747 விமானமொன்றின் பின்சுவர் உடைந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன் அது பிழையாகப் பழுதுபார்க்கப்பட்டிருந்தது. வால் சிதைந்து நான்கு தொகுதிகளின் எண்ணெயும் ஒழுகிப் போயிற்று. விமானிகள் அரைமணி நேரத்துக்கு மேல் போராடியும் விமானம் மலையில் மோதி 520 பேர் இறந்தனர், நால்வரே தப்பினர்.

1989ஆம் ஆண்டு யூலை 19ஆம் தேதி அமெரிக்காவிலே டி.சி. 10 விமானத்தின் வால் எஞ்சினிலுள்ள விசிறித் தட்டு வெடித்து, அதன் துண்டுகள் மூன்று தொகுதிகளையும் வெறுமையாக்கின. தலைமை விமானி அல்பிரட் ஹேன்சும் அவரது துணைவரும், பிரயாணியாக வந்திருந்த பயிற்சி விமானி டெனிஸ் பிச்சும் சேர்ந்து, எஞ்சியிருந்த இரு எஞ்சின்களின் வலிமையைக் கூட்டியும் குறைத்துமே விமானத்தைத் திருப்பி, நாற்பத்துநான்கு நிமிடம் பறந்து அயோவா மாநிலத்துச் சூ சிற்றியில் இறக்கினர். இறங்குகையில் விமானம் சிதறி 112 பேர் இறந்தனர். 184 பேர் உயிர் பிழைத்தனர். மூன்று தொகுதிகளும் தனித்தனியாயினும், அவற்றின் குழாய்கள் வாலிலே அடுத்தடுத்து ஓடின. எண்ணிக்கை மாத்திரம் காவலன்று. இடைவெளியும் காவலென்பது அன்று தெளிவாயிற்று. ஓரளவுக்கு மேல் எண்ணெய் பாய்ந்தால் தானே மூடிக்கொள்ளும் தடுப்பு வாயில்கள் அதன்பின் அவ்வகை விமானங்களிற் பொருத்தப்பட்டன.

வீட்டு விமானத்துக்கு வேறொரு வழியும் உண்டு. அமெரிக்கப் பொறிவல்லாரான பேர்ட் றூட்டான் 1970களில் வரைந்த சிறு விமானங்களிலே பிரதான சில்லுகளை மடக்காமலே விட்டார். மூக்குச் சில்லை மாத்திரம் விமானி கையாற் சுழற்றும் பிடியொன்றினால் மடக்கினார். பம்பியில்லை, தாங்கியில்லை, அங்கே எண்ணெய் அமுக்கம் பிறேக்குக்கு மாத்திரமே பயன்பட்டது. வேகத்திற் சிறிது இழந்தாலும் நிம்மதியைப் பெறலாமென எண்ணிப் பல்லாயிரம் பேர் இன்றும் நிலையான சில்லுகளையே தெரிந்தெடுக்கின்றனர். மடங்கும் சில்லை விரும்புவோர், அதனுடன் வரும் குழாயையும் வளையத்தையும் வாயிலையும் தம் பொறுப்பாக ஏற்றுக்கொள்கின்றனர்.

பாஸ்கல் கூறிய நூறு மனிதரின் விசை இன்று ஒரு மனிதனின் கால்விரலின் கீழ் வந்திருக்கின்றது. அதனைக் கட்டி வைத்திருப்பதோ ஒரு சிறு றப்பர் வளையம். தம் விமானத்தைத் தாமே கட்டியவர், பறப்பதற்குமுன் குனிந்து சில்லின் அருகே சிவப்புக் கறை உண்டோ என்று பார்த்துவிட்டே ஏறுகின்றார். கறை காணப்படின் அன்று அவர் பறப்பதில்லை. ஊற்றிய எண்ணெய் எது, மாற்றிய வளையம் எது, எந்த நாளில் என்பனவெல்லாம் அவரது குறிப்பேட்டில் எழுதப்பட்டிருக்கும். அடுத்த முறை மிதி தளரும்போது காரணத்தைத் தேடும் வேலை அக்குறிப்பேட்டின் பக்கங்களிலிருந்தே தொடங்கும்.